கழுத்தால வர்ற தலைசுத்தலுக்கு அக்குபங்சரும் கை வைத்தியமும் சேத்துப் பண்ணலாமா?

கேட்டிருந்தது சுருக்கமா இதுதான். அம்மாவுக்கு 53 வயசு, வீட்லயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கறாங்க, எட்டு மாசமா கழுத்து வலி, கூடவே தலைசுத்தல். எக்ஸ்ரே எடுத்துட்டு ஸ்பாண்டிலோசிஸ், அதாவது கழுத்தெலும்பு தேய்மானம்னு சொல்லி கழுத்துக்கு காலரும் மாத்திரையும் குடுத்திருக்காங்க, மாத்திரை போட்டா தூக்கம்தான் வருது. தெரிஞ்சவங்க ஒருத்தர் அக்குபங்சர் போகச் சொல்றாங்க, இன்னொருத்தர் பிசியோதெரபி போகச் சொல்றாங்க, ரெண்டையும் சேத்துப் பண்ணலாமா, பண்ணினா கழுத்துக்கு எதாவது ஆயிடுமான்னு பயம்.

நான் பிசியோதெரபிஸ்ட், ஊசி போடறதுக்கும் தனியா பயிற்சி எடுத்தவன், திருப்பூர் பக்கம் வேலை பாக்கறதால தையல்காரங்க கழுத்துதான் என் கைக்கு அதிகமா வந்திருக்கு. அதனால நேரா சொல்லிடறேன், ரெண்டையும் சேத்துப் பண்ணலாம், சரியான ஆளுக்கு சரியான வரிசைல பண்ணினா நல்லா கேக்கும். கை வைத்தியம்னு நான் சொல்றது வீட்டு வைத்தியம் இல்ல, பிசியோல கழுத்து மூட்டைக் கையால அசைச்சு விடறது. ஆனா அம்மாவுக்கு வர்ற தலைசுத்தல் நெஜமாவே கழுத்துலேர்ந்துதான் வருதான்னு மொதல்ல பாத்தாகணும், இதைத்தான் நிறைய எடத்துல பாக்காம விட்டுடறாங்க, அதனால பதில் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

நம்மூர்ல எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதான், "மயக்கமா வருதுங்க". உக்காந்து எந்திரிக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வர்றதும் மயக்கம், படுத்துப் பொரளும்போது வீடே ராட்டினம் மாதிரி சுத்தறதும் மயக்கம், நடக்கும்போது ஒரு பக்கமா தள்ளிட்டுப் போறதும் மயக்கம், காலைல சாப்பிடாம இருந்து படபடன்னு வேர்க்கறதும் மயக்கம். பித்தம் ஏறிடுச்சுன்னு ரெண்டு நாள் எலுமிச்சை ஜூஸ் குடிச்சுப் பாத்துட்டுதான் ஆஸ்பத்திரிக்கே வருவாங்க. இது ஒவ்வொண்ணும் வேற வேற எடத்துலேர்ந்து வர்றது, வைத்தியமும் வேற வேற. அதனால அம்மாகிட்ட உக்காந்து "மயக்கம்னா எப்படி இருக்கு, சுத்துதா, மெதக்குதா, இருட்டுதா, தள்ளுதா, எவ்வளவு நேரம் இருக்கு, என்ன பண்ணும்போது வருது"ன்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க. எந்த ஸ்கேனும் சொல்லாததை அந்த ஒரு பேப்பர் சொல்லும்.

கழுத்தால வர்ற தலைசுத்தல் பொதுவா ராட்டினம் மாதிரி சுத்தாது. தலை பாரமா, மெதக்கற மாதிரி, நின்னா நிலை இல்லாத மாதிரி, குடிச்சவங்க நடக்கற மாதிரி இருக்குன்னு சொல்வாங்க. கழுத்து வலி ஏறினா அதுவும் ஏறும், வலி எறங்கினா அதுவும் எறங்கும், தலையைத் திருப்பும்போதோ ரொம்ப நேரம் குனிஞ்சு எந்திரிக்கும்போதோ வரும். கழுத்து வலியே இல்லாம தலைசுத்தல் மட்டும் இருக்குன்னா அது கழுத்தால வர்றதுன்னு நான் நம்பவே மாட்டேன்.

படுக்கைல பொரளும்போது, அண்ணாந்து பரண்ல பொருள் எடுக்கும்போது, குனிஞ்சு கோலம் போட்டு நிமிரும்போது சட்டுனு வீடு சுத்தி, ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்கிடுதுன்னா அது பெரும்பாலும் உள்காதுல இருக்கற சுண்ணாம்புத் துகள் எடம் மாறிப் போனதால வர்றது. அதை பிபிபிவின்னு சொல்வாங்க. டிக்ஸ் ஹால்பைக்னு ஒரு சோதனை இருக்கு, 1952லேர்ந்து பண்றது, தலையை ஒரு பக்கம் திருப்பி வச்சு படுக்க வச்சுட்டு கண்ணைப் பாப்பாங்க, சில செகண்ட் கழிச்சு கண்ணு துடிக்க ஆரம்பிச்சா அதேதான். எப்ளேன்னு ஒரு முறைல தலையை நாலு பக்கம் திருப்பித் திருப்பி அந்தத் துகளை அது இருக்க வேண்டிய எடத்துக்கே அனுப்பிடலாம், நிறைய பேருக்கு ஒண்ணு ரெண்டு தடவையிலேயே சரியாயிடும். ஊசியும் வேண்டாம், காலரும் வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா ஆரம்ப காலத்துல நானே இதுல தப்பு பண்ணியிருக்கேன். கழுத்து வலியோட வந்த ஒரு பெரியம்மாவுக்கு மூணு வாரம் கழுத்துக்கே பாத்துட்டு இருந்தேன், வலி குறைஞ்சுது, சுத்தல் குறையவே இல்ல. அப்புறம்தான் படுக்க வச்சு சோதிச்சுப் பாத்தேன், கண்ணு ரெண்டும் துடிச்சுது. அன்னைக்கே எப்ளே பண்ணி அனுப்பிச்சேன், மறுநாள் போன்ல "தம்பி, இன்னைக்குத்தான் பயமில்லாம பொரண்டு படுத்தேன்"னாங்க. அந்த அம்மா மூணு வாரம் வீண் காசு குடுத்து வீணா பயந்துட்டு இருந்ததுக்கு நான்தான் காரணம், அன்னைலேர்ந்து தலைசுத்தல்னு யார் வந்தாலும் இந்தச் சோதனை பண்ணாம கழுத்தைத் தொடறதில்ல.

அதே மாதிரி பிபியை படுக்க வச்சு ஒரு தடவையும், எந்திரிச்சு நின்ன 3 நிமிஷத்துக்குள்ள இன்னொரு தடவையும் பாக்கணும், மேல் அளவு 20 இல்லன்னா கீழ் அளவு 10 எறங்கிச்சுன்னா எந்திரிக்கும்போது வர்ற மயக்கத்துக்கு காரணம் அதுதான், பிபி மாத்திரையோட அளவை டாக்டர் பாக்கணும். ரத்தசோகை, சுகர் எறங்கறது, தைராய்டு இதெல்லாம் ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சுடும். ஒத்தைத் தலைவலி உள்ளவங்களுக்கு தலைவலி வராமலே தலைசுத்தல் மட்டும் வர்றது உண்டு, அவங்களுக்கும் கழுத்து இறுகி வலிக்கும், ரொம்ப ஏமாத்தற வியாதி அது. காது அடைப்பும் இரைச்சலும் சேந்து வந்தா ஈஎன்டி டாக்டரைப் பாக்கணும்.

இன்னொண்ணு, இதை வீட்ல எல்லாருக்கும் சொல்லி வச்சிடுங்க. தலைசுத்தலோட பேச்சு குழறுது, ரெண்டு ரெண்டா தெரியுது, முழுங்க முடியல, முகமோ கையோ மரத்துப் போகுது, திடீர்னு கால் வாரி விழறாங்க, இல்லன்னா வாழ்க்கைல இதுவரைக்கும் வராத மாதிரி ஒரு கழுத்து வலியும் தலைவலியும் சட்டுனு வந்திருக்குன்னா அது அக்குபங்சருக்கும் இல்ல, பிசியோவுக்கும் இல்ல, 108க்கு கூப்பிடுங்க. பக்கவாதமா இருந்தா ரத்தக்கட்டு கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

இதெல்லாம் இல்லன்னு ஆனதுக்கு அப்புறம் மிஞ்சறதுதான் கழுத்தால வர்ற தலைசுத்தல். 1955லேயே ரயன், கோப்னு ரெண்டு பேர் இதைப் பத்தி எழுதினாங்க, அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் இதை நிரூபிக்கற மாதிரி ஒரு தனி டெஸ்ட் கிடையாது, மத்ததை ஒவ்வொண்ணா தள்ளித்தான் இதுக்கு வர முடியும். எக்ஸ்ரேல தேய்மானம் இருக்கறதை வச்சு இதை முடிவு பண்ணவே கூடாது. ஜப்பான்ல எந்தத் தொந்தரவும் இல்லாத 1211 பேருக்கு கழுத்து எம்ஆர்ஐ எடுத்துப் பாத்து 2015ல வெளியிட்டாங்க, அதுல 87.6 சதவீதம் பேருக்கு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க் பிதுங்கிதான் இருந்துச்சு. அம்மா எக்ஸ்ரேல இருக்கற ஸ்பாண்டிலோசிஸ் தலைல நரை வந்த மாதிரிதான், அதைப் பாத்து பயப்பட வேண்டாம்.

சரி, கழுத்து எப்படி தலையைச் சுத்த வைக்குது? ரத்தக்குழாய் நசுங்கி மூளைக்கு ரத்தம் போகலன்னு நிறைய பேர் சொல்வாங்க, அது நடக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம். நடக்கறது வேற. பொடனிக்கு மேல, மண்டையோடு முடியற எடத்துல, விரல் நீளம்கூட இல்லாத சின்னச் சின்னத் தசைங்க இருக்கு. உடம்புல மத்த பெரும்பாலான தசைங்கள்ல இல்லாத அளவுக்கு அதுல உணர்வு நரம்பு நெருக்கமா இருக்கு, தலை உடம்பு மேல எந்தக் கோணத்துல உக்காந்திருக்குன்னு மூளைக்கு நொடிக்கு நொடி சொல்றது அதுங்க வேலை. வீட்ல சுத்தற நாற்காலி இருந்தா ஒண்ணு செஞ்சு பாருங்க, அம்மாவை அதுல உக்கார வச்சு நீங்க அவங்க தலையை ரெண்டு கையாலயும் அசையாம புடிச்சுக்கோங்க, வேற ஒருத்தர் நாற்காலியை மட்டும் மெதுவா ஒரு பக்கம் திருப்பட்டும். தலை அசையல, அதனால காதுக்கு எதுவுமே தெரியாது, கழுத்து மட்டும்தான் திரும்புது. இப்பவும் தலைசுத்தல் வருதுன்னா கழுத்து மேல சந்தேகம் பலமாகும். நாங்க கிளினிக்ல பண்றதும் இதேதான். 1977ல டி ஜாங்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும் கழுத்துல மரத்துப்போற ஊசி போட்டுப் பாத்தாங்க, காது நல்லா இருக்கு, கண்ணு நல்லா இருக்கு, ஆனா நடை தள்ளாடுச்சு. கழுத்துத் தகவல் கெட்டா ஆள் தள்ளாடுவாங்கன்றதுக்கு அதைவிடத் தெளிவா காட்ட முடியாது.

அம்மா மாதிரி தையல்காரங்களுக்கு நாள் பூரா தலை முன்னாடி தொங்கிக்கிட்டே, கண்ணு ஊசி முனைலயே இருக்கும். அந்தச் சின்னத் தசைங்க தலையோட மொத்த பாரத்தையும் தாங்கிப் பிடிச்சு பிடிச்சு இறுகிப்போகும், மேல் ரெண்டு மூணு எலும்பு மூட்டு இறுகிப்போகும், அங்கேர்ந்து போற தகவல் தப்பு தப்பா போகும். காது ஒண்ணு சொல்லுது, கண்ணு ஒண்ணு சொல்லுது, கழுத்து வேற ஒண்ணு சொல்லுது, மூளை குழம்பிடும், அதுதான் அந்த மெதக்கற உணர்வு. அதனால வைத்தியம்னா மூணு வேலை இருக்கு: இறுகின தசையை விட வைக்கணும், இறுகின மூட்டை அசைய வைக்கணும், தலை எந்தக் கோணத்துல இருக்குன்னு சொல்ற, கெட்டுப்போன அந்த அளவுணர்வை திரும்பப் பழக்கணும். மொத வேலைக்கு ஊசி நல்லது, ரெண்டாவதுக்கு கை நல்லது, மூணாவதை அம்மாதான் செய்யணும், வேற யாராலயும் செஞ்சு தர முடியாது.

நான் எப்படிப் பண்றேன்னு ஒரு ஆளை வச்சே சொல்றேன். ஒரு பனியன் கம்பெனில செக்கிங் டேபிள்ல நிக்கற அக்கா, 38 வயசு, ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு ரோடு தாண்டும்போது தலையைத் திருப்பிப் பாத்தா தள்ளுதுன்னு வந்தாங்க. மத்த எல்லா சோதனையும் சுத்தம். ஒரு தொப்பி மேல சின்ன லேசர் லைட் கட்டி வச்சிருக்கேன், அதை மாட்டி விட்டு சுவத்துலேர்ந்து 90 சென்டிமீட்டர் தள்ளி உக்கார வச்சு, நேரா பாக்கும்போது புள்ளி விழற எடத்துல பேனாவால குறிச்சுக்கிட்டேன். கண்ணை மூடிக்கிட்டு தலையை வலது பக்கம் முழுசா திருப்பி, திரும்ப நேரா வந்துட்டேன்னு தோணும்போது நிறுத்தச் சொல்வேன். நல்ல கழுத்துன்னா புள்ளி பழைய குறிக்குப் பக்கத்துலயே விழும், நாலரை டிகிரிக்கு மேல விலகினா கோளாறுன்னு கணக்கு, அந்த தூரத்துல அது சுமார் 7 சென்டிமீட்டர். அந்த அக்காவுக்கு புள்ளி 11 சென்டிமீட்டர் தள்ளி விழுந்துச்சு. கண்ணைத் தொறந்து பாத்துட்டு "நான் நேராத்தானுங்க இருந்தேன்"னாங்க. அதுதான் வியாதியே, கழுத்து நேரா இருக்கேன்னு பொய் சொல்லுது, அவங்க அதை நம்பி ரோடு தாண்டறாங்க.

குப்புறப் படுக்க வச்சு, முகத்துக்கு ஓட்டை விட்ட பெட்ல, பொடனில விரல் வச்சுப் பாத்தா வலது பக்கம் ஈரக்கயிறு முறுக்கின மாதிரி இருந்துச்சு, அமுக்கினா கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதுன்னாங்க. அங்கதான் ஃபெங்ச்சின்னு ஒரு புள்ளி இருக்கு, அக்குபங்சர் பாடத்துல ஜிபி 20. மண்டையோட்டுக்குக் கீழ, நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கட்டை விரலை வச்சா ஒரு குழி அகப்படும், தலைவலி வந்தா நாமளே தன்னால அமுக்கிக்கற எடம்தான் அது. சீன பாஷைல காத்துக் குளம்னு அர்த்தமாம். அதுக்குக் கொஞ்சம் கீழ உள்பக்கமா தியான்ச்சூ, பிஎல் 10. எலும்புக்கு ரெண்டு பக்கமும் ஓரமா இறுக்கம் இருக்கற மட்டத்துல ரெண்டு மூணு ஊசி, கைல மணிக்கட்டுக்கு உள்பக்கம் நெய்குவான், அது குமட்டலுக்கு. அவ்வளவுதான், உடம்பு பூரா ஊசி குத்தணும்னு இல்ல.

ஊசின்னதும் ஆஸ்பத்திரி ஊசி மாதிரி நினைச்சு பயந்துடாதீங்க, கால் மில்லிமீட்டர் கனம்தான், உள்ள ஓட்டையும் கிடையாது, மருந்தும் கிடையாது. ஒருத்தருக்கு ஒரு தடவைதான், பாக்கெட்டை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும், அப்படிப் பிரிக்கலன்னா எந்திரிச்சு வந்துடுங்க. ஊசி உள்ள போனதும் கனமா மந்தமா ஒரு உணர்வு பரவும், சீனாக்காரங்க தே ச்சின்னு சொல்வாங்க, சில சமயம் தசை படக்னு ஒரு துடி துடிச்சு அடங்கும். 15லேர்ந்து 20 நிமிஷம் வச்சிருந்து எடுத்துட்டு அதே எடத்துல விரல் வச்சுப் பாத்தா முன்ன எறங்காத விரல் இப்ப எறங்கும். மூளை சுரக்கற எண்டார்பின் வலியை மட்டுப்படுத்துது, அந்தத் தசையும் தானா விடுது.

ஊசி எடுத்த கையோட மூட்டு வேலை. இதுக்குத்தான் ஊசியை முன்னாடி வைக்கறேன், இறுகின தசை மேல கை வச்சு மூட்டை அசைச்சா உடம்பு இன்னும் இறுக்கித் தடுக்கும், வலியும் ஜாஸ்தி. தசை விட்டதுக்கு அப்புறம் பாதி பலத்துல அதே வேலை நடந்துடும். நான் பெரும்பாலும் பண்றது நியூசிலாந்துக்காரர் மல்லிகன் சொன்ன முறை. ஆளை உக்கார வச்சு, எந்தப் பக்கம் திரும்பினா தலை தள்ளுதோ அந்தப் பக்கம் அவங்களையே மெதுவா திரும்பச் சொல்லிட்டு, மேல் கழுத்தெலும்புல கட்டை விரலை வச்சு கண்ணு இருக்கற திசைக்கு ஒரு மெல்லிய அழுத்தம் குடுப்பேன். சரியான எடத்துல சரியான கோணத்துல குடுத்தா அந்தத் திரும்பல் வலியும் தள்ளலும் இல்லாம நடக்கும். அந்த நொடில ஆளோட முகம் மாறும் பாருங்க. மொத நாள் ஆறு தடவை போதும், அதுக்கு மேல ஆசைப்படக் கூடாது. தள்ளல் வந்தா எடமோ கோணமோ தப்புன்னு அர்த்தம், அழுத்தத்தைக் கூட்டினா சரியாகாது.

உடனே, பெட்லேர்ந்து எறங்கி அஞ்சு நிமிஷத்துக்குள்ள, மறுபடியும் அந்த லேசர் தொப்பி. கண்ணை மூடித் திரும்பி நேரா வரணும், கண்ணைத் தொறந்து எவ்வளவு தப்புன்னு பாத்து திருத்திக்கணும், மறுபடி. அந்த அக்காவுக்கு அன்னைக்கே 8 சென்டிமீட்டருக்கு வந்துச்சு. ஆறு சிட்டிங் முடியும்போது 4, 5க்குள்ள வந்துச்சு, ரோடு தாண்டறதும் சரியாச்சு. ஊசியும் கையும் திறந்து விடற அந்த கொஞ்ச நேரத்துக்குள்ள புது அளவைப் பழக்கலன்னா ரெண்டு மூணு நாள்ல கழுத்து பழைய பொய்க்கே போயிடும். "அக்குபங்சர் பண்ணா ரெண்டு நாள் நல்லா இருக்கு, அப்புறம் அதேதான்"னு புலம்பறவங்க நிறைய பேருக்கு விட்டுப்போனது இந்த மூணாவது வேலைதான்.

இதுக்கெல்லாம் ஆராய்ச்சி ஆதாரம் இருக்கான்னு கேப்பீங்க. 2000ல ஹெய்க்கிலான்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும் ஒரு சின்ன ஆய்வு பண்ணாங்க, 14 பேர்தான், ஆனா இந்தக் கேள்விக்கு ரொம்ப நெருக்கமானது. கழுத்தால தலைசுத்தல்னு சந்தேகப்பட்டவங்களுக்கு அக்குபங்சர், கழுத்து மேனிபுலேஷன் (மூட்டைக் கையால அசைக்கறது), வலி மருந்து தடவறது, ஒண்ணுமே பண்ணாம விடறதுன்னு எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. ஊசியும் கையும் ரெண்டுமே தலைசுத்தலோட கடுமையைக் குறைச்சுது, ரெண்டுமே தலையைப் பழைய எடத்துக்குக் கொண்டு வர்ற கணக்கை சரி பண்ணுச்சு, தடவற மருந்து ஒண்ணும் பண்ணல. வாரத்துல எவ்வளவு நேரம் தலைசுத்தல் இருக்குன்றதையும் கழுத்து திரும்பற அளவையும் மாத்தினது கை வைத்தியம் மட்டும்தான். அதனாலதான் ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னு யாராவது கேட்டா கையைத்தான் சொல்வேன், ஊசி அதுக்குத் துணை.

கை வைத்தியத்துக்கு தனியா இன்னும் பலமான ஆதாரம் இருக்கு. ஆஸ்திரேலியாவுல சூசன் ரீடும் கூட இருந்தவங்களும் 86 பேரை மூணு குரூப்பா பிரிச்சாங்க, ஒண்ணுக்கு மல்லிகன் முறை, ஒண்ணுக்கு மெய்ட்லண்ட்ன்றவர் சொன்ன முறைல மெதுவா மூட்டை அசைக்கறதோட பயிற்சி, ஒண்ணுக்கு ஆன் பண்ணாத லேசர் மெஷினை சும்மா காட்டறது. 2014ல முடிவு வந்துச்சு, ரெண்டு கை முறைக்கும் தலைசுத்தல் குறைஞ்சுது, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தப்பவும் சும்மா காட்டின குரூப்பைவிட தலைசுத்தல் வர்ற தடவை கம்மியாவே இருந்துச்சு. ரெண்டையும் சேத்துப் பண்றது பத்தி சீனாவுல நிறைய ஆய்வு இருக்கு, அங்க துய்னான்னு சொல்ற கை வைத்தியமும் அக்குபங்சரும் ஒரே ஆஸ்பத்திரில ஒரே கூரைக்குக் கீழ நடக்கறதுதான். பெரும்பாலும் நல்ல பலன்னுதான் எழுதறாங்க, ஆனா நிறைய ஆய்வுல ஆள் கம்மி, யாருக்கு எது குடுத்தாங்கன்னு மறைச்சு வைக்கற ஏற்பாடும் சரியா இல்ல, அதனால அதை மட்டும் நம்பி நூத்துக்கு நூறு குணம்னு விளம்பரம் பண்றவங்களை நம்பாதீங்க.

இப்ப நீங்க பயந்த விஷயம். கழுத்துல கை வைக்கறதுன்னா நெட்டி முறிக்கறதுன்னு நினைச்சுக்காதீங்க. வெடுக்குனு திருப்பி படபடன்னு சத்தம் வர வைக்கற முறையை தலைசுத்தல் உள்ள ஒருத்தர் கழுத்துல நான் பண்றதே இல்ல, மெதுவா பண்ணியே அதே பலன் வரும்போது எதுக்கு அந்த ஆபத்து. கழுத்தெலும்பு ஓட்டை வழியா மூளைக்கு ரத்தம் கொண்டு போற குழாய் போகுது, வெடுக்குனு திருப்பினா அபூர்வமா அதோட உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வரலாம். சலூன்ல முடி வெட்டிட்டு கழுத்தைப் புடிச்சு ரெண்டு பக்கமும் சொடக்கு எடுப்பாங்களே, வீட்டு ஆம்பளைங்களுக்கு சொல்லி அதை நிறுத்தச் சொல்லுங்க. 2022ல ஹைதராபாத்ல பார்லர்ல கழுத்தைப் பின்னாடி சாய்ச்சு தலை கழுவும்போது ஒரு அம்மாவுக்கு பக்கவாதம் வந்தது செய்தியாவே வந்துச்சு. முடக்குவாதம் உள்ளவங்களுக்கு மேல் ரெண்டு கழுத்தெலும்பைக் கட்டி வச்சிருக்கற நாரு தளர்ந்திருக்கலாம், அவங்க கழுத்துல படம் எடுத்துப் பாக்காம யாரும் கை வைக்கக் கூடாது. எலும்பு தேஞ்சு பலமில்லாம இருக்கறவங்களுக்கும் ஜாக்கிரதை.

ஊசிலயும் ஆபத்து இல்லாம இல்ல. ஜிபி 20ல ஊசி மூக்கு நுனி இருக்கற திசையைப் பாத்துப் போகணும், ஒரு இன்ச்சைத் தாண்டக் கூடாது, உள்பக்கமா மேல பாத்து ஆழமா போனா மூளையோட அடிப்பகுதியான முகுளம் இருக்கு. தோள் மேட்டுல ஜிபி 21னு ஒரு புள்ளி, தையல்காரங்க எல்லாருக்கும் வலிக்கற எடம், அதுக்கு நேர் கீழ நுரையீரல் நுனி. நேரா ஆழமா குத்தினா நுரையீரல் ஓட்டையாகி மூச்சு முட்டும், நான் அந்தத் தசையை ரெண்டு விரலால தூக்கிப் புடிச்சுட்டுதான் போடுவேன். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க முன்னாடியே சொல்லிடணும், கர்ப்பமா இருந்தாலும் சொல்லணும், நெஞ்சுல பேஸ்மேக்கர் இருந்தா ஊசில கரண்ட் குடுக்கவே கூடாது. அம்மாவுக்கு மொத தடவை படுக்க வச்சுதான் போடச் சொல்லுங்க, வயிறு காலியா கூட்டிட்டுப் போகாதீங்க, தலைசுத்தல் உள்ளவங்க உக்காந்துட்டு ஊசி போட்டா சரிஞ்சு விழ வாய்ப்பிருக்கு.

நம்மூர்ல அக்குபங்சர்னா ஊசியே இல்லாம ஒரு புள்ளியைத் தொட்டு விடறதும் நடக்குது. அது நான் சொல்ற வைத்தியம் இல்ல, இறுகின தசைக்குள்ள ஊசி போகணும். தொட்டு விடறது போகட்டும், சில எடத்துல பிபி மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றாங்க பாருங்க, அப்படி யார் சொன்னாலும் திரும்பிப் பாக்காம வந்துடுங்க.

அம்மாவுக்குக் குடுத்த மாத்திரையை நீங்களா நிறுத்த வேண்டாம், ஆனா எழுதின டாக்டர்கிட்டப் போய் எத்தனை நாளைக்குன்னு கேளுங்க. தூக்கம் வருதுன்னா சினரிசின் இல்லன்னா புரோகுளோர்பெரசின் வகையா இருக்கலாம், வாந்தியும் சுத்தலும் கடுமையா இருக்கற சில நாளைக்கு அது நல்ல மருந்து. மாசக்கணக்குல போட்டா மூளை தானா சமாளிச்சுப் பழகறது தள்ளிப்போகும், வயசானவங்களுக்கு கை நடுக்கமும் உடம்பு இறுக்கமும்கூட வரலாம். காலரையும் நாள் பூரா போட்டுக்க வேண்டாம், பஸ்ல போகும்போது குலுங்குதுன்னா போட்டுக்கட்டும். அளவுணர்வு கெட்டுப்போன கழுத்தை அசையவே விடாம கட்டி வச்சா அது எப்படித் திரும்பப் பழகும்?

கணக்குக்கு வாரம் ரெண்டு சிட்டிங், மூணு நாலு வாரம். நாலு சிட்டிங் ஆகியும் துளி மாற்றம் இல்லன்னா இன்னும் பத்து சிட்டிங் பேக்கேஜ்னு பணம் கட்டாதீங்க, கழுத்துன்னு நினைச்சதே தப்பா இருக்கலாம், மறுபடி மொதல்லேர்ந்து சோதிக்கணும். ஒரே ஆள் ரெண்டும் தெரிஞ்சவரா கிடைக்கலன்னா தனித்தனியா போகலாம், அப்ப ஊசிக்குப் போன அன்னைக்கு சாயந்திரமோ மறுநாளோ பிசியோவுக்குப் போற மாதிரி வச்சுக்கோங்க, ரெண்டு பேருக்கும் மத்தவர் என்ன பண்றார்னு தெரியணும்.

வீட்ல அம்மா செய்ய வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. மல்லாக்கப் படுத்து, தலையைத் தூக்காம, ஆமான்னு தலையாட்டற மாதிரி தாடையை மெதுவா லேசா உள்ள எறக்கி பத்து எண்ணி விடணும், பத்து தடவை, ரெண்டு வேளை. முன்கழுத்துல ஆழமா இருக்கற தசை வேலை செய்யும், மேலாக இருக்கற தசை புடைச்சா பலம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் கட்டை விரலைக் கண்ணுக்கு நேரா நீட்டி, பார்வையை நகத்துலயே வச்சுக்கிட்டு தலையை மட்டும் இடமும் வலமும் ஒரு நிமிஷம். லேசா கிறுகிறுன்னு வந்தா பரவால்ல, ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கணும், அடங்கலன்னா வேகத்தைக் குறைங்க. சுவத்து ஓரமா ஒரு காலுக்கு முன்னாடி இன்னொரு கால் வச்சு நிக்கறது, நீங்க பக்கத்துல இருக்கும்போது மட்டும்.

தையல் மெஷினை மட்டும் இன்னைக்கே பாத்துடுங்க. நாற்காலி தாழ்வா இருந்தா தோள் தூக்கிக்கும், மெஷின் தாழ்வா இருந்தா கழுத்து தொங்கும். மெஷின் காலுக்குக் கீழ கட்டை வச்சு உயர்த்தினா மிதிக்க முடியாதுன்னு சொல்வாங்க, மோட்டார் மெஷின்னா பெடலுக்குக் கீழயும் அதே உயரக் கட்டை வச்சா தீந்துச்சு. ஊசிக்குப் பக்கத்துல ஒரு சின்ன லைட் போட்டுக் குடுங்க, கண்ணாடி பவர் சரியான்னும் பாருங்க, இந்த வயசுல வெள்ளெழுத்து வந்து சரியா தெரியாமத்தான் பாதி பேர் மூக்கைக் கொண்டு போய் துணில வைக்கறாங்க. அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிக்கணும்னு சொன்னா கேக்க மாட்டாங்க, கத்திரிக்கோலையும் நூல்கண்டையும் எந்திரிச்சுப் போய் எடுக்கற தூரத்துல வச்சுடுங்க.

மொதல்ல அந்த படுக்க வச்சு கண்ணைப் பாக்கற சோதனையையும், படுத்து நின்னு பாக்கற பிபியையும் முடிச்சுட்டு என்ன வந்துச்சுன்னு எழுதுங்க, அதைப் பாத்துட்டு அடுத்தது என்ன பண்ணலாம்னு சொல்றேன்.